கம்ப்யூட்டர்காரருக்குப் பூக் கேட்டது

எங்கள் வீட்டில் யாரையும் எடுத்த எடுப்பில் நம்புகிற வழக்கம் கிடையாது. அப்பா லாரி வைத்திருந்தவர். டீசல் போடுகிறவன் மேல் சந்தேகம், லோடு ஏற்றுகிறவன் மேல் சந்தேகம், செக்போஸ்ட்டில் யாரும் கை காட்டாமல் விட்டுவிட்டால் அதற்கும் ஒரு சந்தேகம். பால்காரர் ஊற்றிவிட்டுப் போன பாலை அம்மா விரலில் தொட்டுச் சொட்டு விட்டுப் பார்த்த பிறகுதான் அடுப்பில் ஏற்றுவாள். அந்த வளர்ப்பில் வந்த நானும், பள்ளிக்கூடத்தில் யாராவது மிட்டாய் நீட்டினால் எதற்குக் கொடுக்கிறாய் என்று கேட்டுவிட்டு வாங்குகிற பிள்ளையாக இருந்தேன். இப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் எண்பதுகளின் நடுவில் ஒரு கம்ப்யூட்டர்காரர் பெண் கேட்டு வந்தார்.

பெண் என்றால் என் அத்தை, அப்பாவின் கடைசித் தங்கை. சேலத்தில் விடுதியில் தங்கிப் பட்டப் படிப்பு முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். பெற்றவர்கள் போய்விட்டதால் அவளைக் கட்டிக் கொடுக்கிற பொறுப்பு அப்பாவுடையது. நாமக்கல்லில் அன்றைக்கு நல்ல மாப்பிள்ளை என்றால் லாரி வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கோழிப்பண்ணை. அதற்கும் மேலே ஒரு படி இருந்தது. அது போர்வெல் போடுகிற ரிக் வண்டி. ரிக் வைத்திருப்பவர் தெருவில் நடந்து போனால் பின்னாலேயே நான்கு தரகர்கள் போவார்கள்.

எங்களுக்கும் அப்படி ஒருவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தார். திருச்செங்கோட்டுக்காரர், அப்பாவின் சிநேகிதர், எங்களுக்கு முறையும் ஆகும். நான் அவரை ரிக் மாமா என்று கூப்பிடுவேன். வருஷத்தில் பாதி நாள் ஆந்திராவில் போர் போட்டுக்கொண்டிருப்பார். ஊருக்கு வந்தால் புல்லட்டில்தான் வருவார். அகலமான மீசை, கையில் தங்கக் காப்பு, வீட்டுக்குள் நுழைகிறபோதே சிரிப்பு. என்னை பெட்ரோல் டாங்க் மேல் உட்கார வைத்து மலைக்கோட்டையைச் சுற்றி ஒரு ரவுண்டு கூட்டிப் போவார். அத்தையை அவருக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று நான் முடிவு செய்துவிட்டேன். அப்பாவும் ஏறக்குறைய முடிவு செய்துவிட்டார். அத்தையை யாரும் கேட்கவில்லை.

இதற்கு நடுவில் அப்பாவின் தாய்மாமன் இன்னொரு சம்பந்தத்தைக் கொண்டுவந்தார். பையனுக்கு ஊர் ஆத்தூரை அடுத்த கெங்கவல்லிப் பக்கம். கிழங்கு விளைகிற காடும் தண்ணீரும் இருக்கிற குடும்பம். கோயமுத்தூரில் படித்துவிட்டு ராசிபுரம் ரோட்டில் ஒரு நூல்மில்லில் வேலை பார்த்தார். அந்த மில்லில் புதிதாக ஒரு கம்ப்யூட்டர் வாங்கி வைத்திருந்தார்கள், அதை ஓட்டுகிறவர் இவர். ஓட்டுகிறவர் என்றுதான் தாய்மாமன் சொன்னார். லாரி ஓட்டுகிற வீட்டில் வேறு எப்படிச் சொல்வது?

அப்பா விசாரிக்கக் கிளம்பினார். பெண் கொடுப்பதற்கு முன்னால் எங்கள் பக்கத்தில் விசாரிப்பது என்றால் அரைகுறை வேலை இல்லை. மில் கேட்டுக்கு எதிரே இருந்த டீக்கடையில் ஒரு முழுப் பகல் உட்கார்ந்துவிட்டு வந்தார். வந்ததும் சட்டையைக் கழற்றாமலே ஆரம்பித்தார்.

"அந்தப் பொட்டி இருக்கற ரூமுக்குள்ள செருப்பக் கழட்டிப் போட்டுட்டுத்தான் போறானாம். அதென்ன கோயலா? வேற ஒருத்தரையும் உள்ள உடறதில்லையாம். சித்தரை மாசத்து வெயில்ல ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு வெளிய வாரான், நானே கண்ணுல பாத்தேன். ஒடம்புல என்னமோ சீக்கு இருக்குது."

அந்த அறையில் ஏசி ஓடியது என்பதும், பகலெல்லாம் அந்தக் குளிரில் உட்காருகிறவருக்கு ஸ்வெட்டர் வேண்டும் என்பதும் எங்களுக்குத் தெரியாது. சித்திரையில் ஸ்வெட்டர் என்றால் காசநோய், அவ்வளவுதான். டீக்கடையில் அப்பாவுக்குத் தகவல் சொன்னவர்கள் மில்லின் கணக்குப்பிள்ளைகள். கம்ப்யூட்டர் வந்ததிலிருந்து தங்கள் மேசைக்கு எப்போது ஆபத்து வருமோ என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தவர்கள். அவர்களிடம் போய் அந்தப் பையனைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வார்கள்? போயும் போயும் அவனுக்கா பொண்ணு குடுக்கறீங்க என்று கேட்டார்களாம். அந்தப் பெட்டியின் வெளிச்சம் தொடர்ந்து முகத்தில் பட்டால் குழந்தை பிறக்காது என்றும், அவன் தனியாகச் சிரித்துக்கொள்கிறான் என்றும் கூடச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். எல்லாவற்றையும் சந்தேகிக்கிற அப்பா, இதில் ஒன்றைக் கூடச் சந்தேகிக்கவில்லை.

அம்மா அரிசி புடைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். கடைசியில் அவள் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

"ஏனுங்க, சாயங்காலம் எத்தன மணிக்கு ஊட்டுக்கு வாராராம்?"

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அஞ்சரைக்குச் சங்கு ஊதுனா மில்லு உட்டுருவாங்க. ஆறு மணிக்கெல்லாம் சைக்கிள்ல வந்து ஊட்டுல குக்கி உக்காந்துக்குவானாம். பொழுதோட ஊட்டுக்கு வந்து ஒரு ஆம்பள என்னதான் பண்ணுவான், சொல்லு?"

நானும் சிரித்தேன். ஆண்பிள்ளை என்றால் ஹாரன் அடித்துக்கொண்டு போகிறவர், எப்போதாவது வருகிறவர் என்பதுதான் எனக்குத் தெரிந்த உலகம். அப்பா கல்கத்தாவுக்கு லோடு ஏற்றிக்கொண்டு போனால் திரும்பி வர ஒரு மாதம் கூட ஆகும். நான் பிறந்தபோது அவர் நாக்பூரில் அச்சு முறிந்த வண்டியோடு நின்றிருந்தார். தம்பி பிறந்தபோது கட்டாக்கில் இருந்தார். இதைப் பள்ளிக்கூடத்தில் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். மற்ற பிள்ளைகளின் அப்பாக்கள் அந்த நேரத்தில் ஆஸ்பத்திரி வாசலில் சும்மா நின்றுகொண்டிருந்தவர்கள்தானே.

தாய்மாமன் சொல்லைத் தட்ட முடியாமல் பெண் பார்க்க வரச் சொன்னார்கள். கம்ப்யூட்டர்காரர் தன் அம்மாவோடும் சித்தப்பாவோடும் வந்தார். ஒல்லியான ஆள். சோடாபுட்டிக் கண்ணாடி. சட்டைப் பையில் இரண்டு பேனா. மீசை இருந்தது, ஆனால் இருப்பது அவருக்கே தெரியாத மாதிரி இருந்தது. ஆத்தூர்ப் பக்கத்துப் பேச்சு வேறு. ஊடு என்று சொல்லாமல் வீடு என்றார்கள். அதையும் அப்பா ஒரு குறையாகக் குறித்துக்கொண்டார் என்பது அவர் புருவத்தில் தெரிந்தது.

என்னை அவர் பக்கத்தில் உட்காரச் சொல்லி அனுப்பியது அப்பா. இருமுகிறாரா, கை நடுங்குகிறதா, தனியாகச் சிரிக்கிறாரா என்று பார்த்து வந்து சொல்ல வேண்டும். நான் அவரை விட்டுக் கண்ணை எடுக்காமல் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். பேசத் தெரியாத இரண்டு பேர் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி கொஞ்ச நேரம் இருந்தோம். அப்புறம் அவரே மெதுவாக ஆரம்பித்தார்.

"பாப்பா, மனசுல ஒரு நம்பர் நெனச்சுக்கோ. நூறுக்குள்ள இருக்கணும். என்கிட்ட சொல்லாத."

நினைத்துக்கொண்டேன்.

"அம்பதுக்கு மேலயா, கீழயா?"

மேலே என்றேன். இப்படியே ஒவ்வொன்றாகக் கேட்டு, நான் சொல்வதைத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே வந்தார். கொஞ்ச நேரத்தில் எழுபத்தொன்று என்றார். எழுபத்தொன்றேதான். எனக்குக் குப்பென்று வியர்த்துவிட்டது. இது வெறும் காசநோய் இல்லை, மந்திரம் என்று புரிந்துகொண்டு உள்ளே ஓடினேன்.

அவர்கள் போனதும் நடந்ததைச் சொன்னேன். அப்பா தொடையில் தட்டிக்கொண்டார். மனசில் நினைப்பதைக் கண்டுபிடிக்கிறவனோடு ஒருத்தி எப்படிக் குடும்பம் நடத்துவாள் என்று தாய்மாமனைப் பார்த்துக் கேட்டார். அம்மா மட்டும் என்னைப் பொடக்காணிக்குக் கூட்டிப் போய், கொல்லைக் கதவைச் சாத்திவிட்டு, இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள்.

"அவராச் சொன்னாரா, உன்னக் கேட்டாரா சாமி?"

"கேட்டாரும்மா. ஒவ்வொண்ணாக் கேட்டாரு."

"நீ சொல்றவரைக்கும் பொறுத்து இருந்தாரா?"

"இருந்தாரு."

அம்மா ஏதோ யோசித்தாள். துணி துவைக்கிற கல்லின் மேல் அத்தை உட்கார்ந்திருந்தாள், பட்டுச் சேலையைக் கூட மாற்றாமல். நான் இருப்பதைப் பொருட்படுத்தாமல் அம்மாவிடம் சொன்னாள்: "கண்ணாடியக் கழட்டித் தொடச்சாருங்க அண்ணி. மாட்டிக்கிட்டு நேரா என்னயத்தான் பாத்தாருங்க. பாத்துட்டு, மறுபடியும் கழட்டித் தொடச்சாருங்க." இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கண்ணாடி துடைப்பதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு அவர்கள் மேலும் சந்தேகம் வந்தது.

அப்பாவுக்கு ஒரு சங்கடம் இருந்தது. வேண்டாம் என்று அவர் வாயால் சொன்னால் தாய்மாமனோடு மனத்தாங்கல் வரும். ஒரம்பரை, சொந்தபந்தம் என்று இருக்கிற இடத்தில் அது தீராத வம்பு. அதனால் எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்கிற காரியத்தைச் செய்யலாம் என்றார். அம்மன் கோயிலில் பூக் கேட்பது. ஒரு வெள்ளை அரளி, ஒரு செவ்வரளி. இரண்டையும் தனித்தனியாக ஒரே மாதிரிப் பொட்டலமாக மடித்து அம்மன் முன்னால் போட வேண்டும். விவரம் தெரியாத ஒரு பிள்ளை ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் அம்மனுக்குச் சம்மதம். சிவப்பு வந்தால் அந்தப் பேச்சே அதோடு முடிந்தது. அப்பாவுக்குச் சிவப்புதான் வரும் என்று உறுதியாகத் தெரிந்திருந்தது. அம்மனுக்கும் ரிக் வண்டியின் மதிப்பு தெரியாமலா இருக்கும்? சிவப்பு வந்ததும் திருச்செங்கோட்டுக்குச் சொல்லி அனுப்ப ஆளைக் கூடத் தயார் செய்து வைத்திருந்தார். விவரம் தெரியாத பிள்ளையாக என்னைத் தேர்ந்தெடுத்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் போனோம். அத்தையைக் கூட்டிப் போகக் கூடாது என்பதால் அவள் வாசலில் நின்றுகொண்டாள். நான் ரிக்‌ஷாவில் ஏறும்போது என் பாவாடையைத் தேவையில்லாமல் சரி செய்துவிட்டாள்.

கோயில் ஊருக்கு வெளியே காட்டோரத்தில் இருந்தது. அப்பாவும் தாய்மாமனும் வெளியே தேங்காய் உரித்துக்கொண்டிருக்க, பூசாரி என்னை அக்கட்டால, சுவர்ப் பக்கம் திரும்பி நிற்கச் சொன்னார். அம்மா முந்தியில் கொண்டுவந்த பூக்களைக் கிழித்த தேதித்தாளில் மடித்துக் கொடுத்தாள். பூசாரி இரண்டு பொட்டலத்தையும் குலுக்கி அம்மன் காலடியில் போட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டு புல்லட்டை நினைத்தேன். சிவப்பு, சிவப்பு, சிவப்பு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இடது பக்கம் இருந்ததை எடுத்தேன்.

அப்பா பிரித்தார். வெள்ளை.

மணி அடித்தது. தாய்மாமன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அப்பா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உலகத்தில் அவர் சந்தேகப்படாத ஒரே ஆள் அந்த அம்மன்தான். "அவளே சொல்லிட்டா. பொறவென்ன?" என்றார். குரல் இறங்கிப் போயிருந்தது.

பூசாரி மற்றப் பொட்டலத்தை என் கையில் கொடுத்து, கோயிலுக்குப் பின்னால் இருக்கிற கிணற்றில் போட்டு வரச் சொன்னார். "பிரிக்கப்படாது கண்ணு. பிரிச்சா அம்மனச் சந்தேகப்பட்டாப்பல ஆயிரும்."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இனி புல்லட் கிடையாது, மலைக்கோட்டை ரவுண்டு கிடையாது. கிணற்றடியில் நின்று யோசித்தேன். நான் அத்தனை தடவை சிவப்பு என்று சொல்லியும் எப்படி வெள்ளை வந்தது? எங்கள் வீட்டுப் பிள்ளையால் பிரிக்காமல் இருக்க முடியுமா? பிரித்தேன்.

அதிலும் வெள்ளை அரளிதான் இருந்தது.

சிவப்பு எங்கே போனது என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. எழுபத்தொன்றைக் கண்டுபிடித்தவருக்கு இது ஒரு காரியமா? அந்தக் குளிர் அறையில் ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்துகொண்டே, பெட்டியைத் தட்டிச் செவ்வரளியை வெள்ளையாக்கிவிட்டார். வெளியே சொன்னால் என்னையும் எதுவாகவாவது மாற்றிவிடுவார். அம்மாவிடம் ஓடலாம் என்று திரும்பினேன். அவள் கொஞ்சம் தள்ளி, கன்னிமார் கற்களுக்கு முன்னால் குனிந்து நின்றாள். ஒரு கல்லின் மேல் செவ்வரளிப் பூ ஒன்றை வைத்துவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தாள். உதடு அசைந்தது. கும்பிடுகிறவளைக் கூப்பிடக் கூடாது என்று நின்றுவிட்டேன். பூவையும் தாளையும் கிணற்றில் போட்டேன்.

அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். "போட்டுட்டியா சாமி?" என்றாள். போட்டுவிட்டேன் என்றேன். அழுக்கு எதுவும் இல்லாத என் முகத்தை முந்தியால் ரொம்ப நேரம் துடைத்துவிட்டாள்.

கல்யாணம் நடந்தது. ரிக் மாமா வருத்தப்படாமல் வந்து மொய் வைத்துவிட்டு, என்னை ஒரு கடைசி ரவுண்டு கூட்டிப் போய்விட்டு ஆந்திராவுக்குக் கிளம்பினார். ஊரில் பலரும் அத்தைக்காக உச்சுக்கொட்டினார்கள். நான் கம்ப்யூட்டர் மாமா இருக்கும் இடத்தில் எந்த நம்பரையும் நினைக்காமல் பார்த்துக்கொண்டேன். விடுமுறைக்கு அவர்கள் வீட்டுக்குப் போனால், மில் சங்கு கேட்டதும் அத்தை முகம் கழுவித் தலை வாரிக்கொண்டு வாசலுக்குப் போவாள். சைக்கிளை நிறுத்தியதும் ஸ்வெட்டரை வாங்கிக்கொள்வாள். பிறகு இருவரும் காப்பி குடித்துக்கொண்டு இருட்டும்வரை பேசுவார்கள். அவர் கேட்பார், அவள் சொல்வாள். தினமும் அப்படிப் பேச என்ன இருக்கும், ஏதோ மருந்து வைத்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். கணக்குப்பிள்ளைகள் சொன்னதும் பொய்யானது. இரண்டாவது வருஷமே இரட்டைப் பிள்ளைகள் பிறந்தன. ஆஸ்பத்திரி வாசலில் மாமா சும்மாதான் நின்றுகொண்டிருந்தார்.

இப்போது காலம் தலைகீழாகிவிட்டது. போன மாதம் ரிக் மாமா வந்திருந்தார். மீசை நரைத்துவிட்டது. மூன்று ரிக் வைத்திருக்கிற தன் மகனுக்குப் பெண் கிடைக்கவில்லை என்று புலம்பினார். போகிற இடத்திலெல்லாம் பெண்ணே முன்னால் வந்து, பையன் சாப்ட்வேரா என்று கேட்கிறதாம். இல்லை என்றால் காப்பி கூட வருவதில்லையாம். அப்பா மீசையைத் தடவிக்கொண்டு, "நானெல்லாம் அந்தக் காலத்துலயே கம்ப்யூட்டர் மாப்பிள்ளை பாத்தவன்" என்றார். இதை அவர் பல வருஷமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். சமையலறையில் அம்மா குழம்பு கிண்டிக்கொண்டிருந்தாள். கரண்டிச் சத்தம் ஒரு நொடி நின்றது.

அந்த ஒரு நொடியில்தான், இத்தனை வருஷம் கழித்து, கன்னிமார் கல்லின் மேல் இருந்த செவ்வரளி எனக்கு ஞாபகம் வந்தது. உள்ளே போனேன். அன்றைக்கு இரண்டாவது பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தேன் என்று மெதுவாகச் சொன்னேன். அம்மா திரும்பவில்லை. குழம்பில் உப்புப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"பொழுதோட ஊட்டுக்கு வார ஆளு. அதையப் போயி சாமிகிட்டக் கேக்கோணுமா கண்ணு?"

அன்றைக்கு நான் மாமாவைச் சந்தேகப்பட்டேன், அம்மனைக் கூடச் சந்தேகப்பட்டுவிட்டேன். பூவை மடித்தவளை மட்டும் சந்தேகப்படத் தோன்றவில்லை. அப்பா லோடுக்குப் போயிருக்கிற நாளெல்லாம் அம்மா, ரோட்டில் போகிற ஒவ்வொரு லாரிச் சத்தத்துக்கும் கை வேலையை நிறுத்திவிட்டு நிற்பாள், அது நம் வண்டி இல்லை என்று தெரிந்ததும் தொடர்வாள். அதைத் தினமும் பார்த்துக்கொண்டுதான் வளர்ந்தேன். அம்மாக்கள் எல்லோரும் அப்படித்தான் வேலை செய்வார்கள் என்று நினைத்திருந்தேன்.